அம்மா விடச் சொன்ன ஒரு வரி

ஜூலை 4

அன்புள்ள அத்தைக்கு,

சிட்டு எழுதுகிறேன். உங்கள் இருமல் தேவலையா? மழைக்காலத்தில் கழுத்தில் சுற்றிக்கொள்வீர்களே, அந்தச் சாம்பல் நிறத் துண்டு இன்னும் இருக்கிறதா?

அப்பாவும் வாலுவும் தூங்குகிறார்கள். பூகோள நோட்டுக்குள் இந்தத் தாளை வைத்துச் சமையலறையில் எழுதுகிறேன். காலடிச் சத்தம் கேட்டால் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். உங்கள் முகவரியைக் கொடுத்தது கீழ்வீட்டுத் தையல்கார மாமா. "உங்கப்பனுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சு எங்கிட்டயே சட்டை தைக்கக் கொடுப்பான்" என்றார். பதிலை அவர் கடைக்கே அனுப்புங்கள்.

வாலு என்பது தம்பி. அம்மா இறந்து, நீங்களும் போனபோது கைக்குழந்தை. இப்போது ஐந்து வயது. வாயும் காலும் ஓயாது.

அப்பாவின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லையாம். செப்டம்பர் 22இல் ஆபரேஷன். "கடை ஷட்டர் மாதிரிதான், கொஞ்சம் எண்ணெய் போட்டா சரியாயிடும்" என்று அப்பா சிரிக்கிறார். படியேறினால் நடுவில் நின்றுவிடுகிறார்.

போன ஞாயிறு பெரியம்மா வந்திருந்தார். நான் உள்ளறையில் இருந்தது தெரியாமல் அப்பாவிடம் சொன்னார்: "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா பொண்ணு அவ அத்தைகிட்ட போகட்டும். உயில்லயே எழுதியிருக்கே. பையனைப் பத்தி ஒரு வரி கிடையாது. அவனை நான் வளத்துக்கறேன்." அப்பா கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் அலமாரி மேலிருந்த உயில் பெட்டியை இறக்கினேன். சாவி அப்பாவின் பழைய கண்ணாடிக் கூட்டில் இருந்தது. பெரியம்மா சொன்னது உண்மைதான். எல்லாம் அம்மாவுக்கு, அம்மா இல்லாவிட்டால் எனக்கு, என்னைப் பார்த்துக்கொள்ள நீங்கள். நீங்கள் போய் ஐந்தரை வருடம் ஆகியும் அப்பா உங்கள் பெயரை நீக்கவில்லை, அத்தை. ஆனால் வாலு எங்குமே இல்லை.

காகிதத்தில் இல்லாதவனை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா? வாலு என் கையைப் பிடிக்காமல் தூங்க மாட்டான்.

உங்கள் பதிலைத் தேடிக் கடைக்குப் போய்க்கொண்டே இருக்கும்,
சிட்டு


ஜூலை 19

அன்பான சிட்டுவுக்கு,

இருமல் இருக்கிறது, நானும் இருக்கிறேன். இரண்டும் பழகிவிட்டோம். துண்டு கிழிந்து இப்போது டைப்ரைட்டர் துடைக்கிறது. என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை என்பதால் கடிதத்தையும் அதிலேயே அடிக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா? கண் எரிய எரிய இருட்டில் எழுதாதே. கண்ணாடிக் கடைக்காரர் மகளுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. நாலு முறை தாள் சொருகினேன், நாலு முறை உருவினேன்.

கேட்டதற்குப் பதில். காகிதத்தில் இல்லாததால் யாரும் யாரையும் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. ஆனால் அப்பாவின் விருப்பம் இதுதான் என்று காட்ட ஒன்றும் இல்லாவிட்டால், ஆளாளுக்குப் பேசுவார்கள். இந்த வக்கீல் ஆபீஸில் நான் பார்க்கும் பாதிச் சண்டை கெட்ட மனிதர்களால் வருவதில்லை. நல்ல மனிதர்கள் பழைய உயிலை அப்படியே விட்டுவிட்டுப் போவதால் வருகிறது. பிறப்பு, இறப்பு, கல்யாணம், வீடு மாறுவது, எது நடந்தாலும் உயிலை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இது உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அப்பா கடைப் பலகையில் 'வருடத்துக்கு ஒருமுறை பார்வையைச் சோதியுங்கள்' என்று எழுதியிருக்கும், இல்லையா? கல்யாணமான புதிதில் அவள் அதைக் காட்டி, "ஊருக்கெல்லாம் சொல்றீங்க, அலமாரியில தூங்குற உயிலுக்கு யாரு பவர் பாக்கறது?" என்று கேட்டாள். வருடா வருடம் உயிலை எடுத்துத் திருத்தி எழுதும் உயில் நாள் அப்படித்தான் ஆரம்பித்தது.

அப்பாவிடம் பேசு. நான் வர முடியாது. காரணம் கேட்காதே.

உன் தலையை மனத்தால் கோதிவிடும்,
டக்டக் அத்தை


ஜூலை 23

டக்டக் அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்ததில் பாதி பயம் போனது. மீதியோடு எழுதுகிறேன். நாங்கள் சாப்பிடுகிறோம். வாலுவுக்கு முன்பல் ஆடுகிறது. ஊருக்கே ஆட்டிக் காட்டுகிறான்.

கடைசி உயில் நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. செப்டம்பர் 18, அப்பா அம்மாவின் கல்யாண நாள். ஜன்னல் ஓரம் மேசையை இழுத்துப் போட்டு உங்கள் டைப்ரைட்டரை வைத்தோம். கால் ஆடாமல் இருக்க அடியில் என் பழைய பாடப்புத்தகம். சாட்சிக் கையெழுத்துக்கு எதிர்வீட்டுப் பல் டாக்டரும் தையல்கார மாமாவும் வந்தார்கள். அப்பா ஒவ்வொரு வரியாகப் படிக்க, அம்மா பச்சைப் பேனாவால் ஓரத்தில் திருத்தினார். தையல்கார மாமா, "எனக்கு ஒரு பொத்தான்கூட எழுதிடாதீங்க, அப்புறம் சாட்சி போட முடியாது, டீயும் போயிடும்" என்றார். உயிலுக்கு உள்ளே இருப்பவர் சாட்சியாக முடியாது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா தன் பூப்போட்ட குடையை வருடத்துக்கு ஒருவருக்கு எழுதுவார். அந்த வருடம் பல் டாக்டரின் மனைவிக்கு எழுதலாம் என்றதும் டாக்டர், "அம்மா, என் கையெழுத்தும் போயிடுமே" என்று அலறினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா சிரித்தார். வாலு அப்போது அதற்கு உள்ளே இருந்தான்.

நீங்கள் எழுதியபடி அப்பாவிடம் கேட்டேன். "பெட்டியை எப்பப்பா திறக்கலாம்?" தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்தார். "அப்புறம் பாக்கலாம்டா" என்றார். முகம் மாறிவிட்டது. திரும்பக் கேட்கப் பயமாக இருந்தது.

ஒரு சந்தேகம். என் வகுப்புத் தோழி ஒருத்திக்காகக் கேட்கிறேன். கையெழுத்தெல்லாம் போட்டு முடிந்த உயிலில் வேறு யாராவது ஒரு வரி எழுதிவிட்டால் என்ன ஆகும்? நல்லதுக்காக எழுதினாலும் தப்பா?

தோழியின் சார்பில் நன்றியுடன்,
சிட்டு


ஜூலை 30

சிட்டுவுக்கு,

வேலைக்கு நடுவே எழுதுகிறேன். வக்கீல் ஐயா எட்டிப் பார்க்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள். வாலுவின் பல்லை நூல் கட்டி இழுக்க விடாதே, தானாக விழட்டும்.

உன் தோழிக்குச் சொல். எழுதியவரும் சாட்சிகளும் கையெழுத்துப் போட்ட பிறகு சேர்த்த வரி செல்லாது. கெட்ட எண்ணத்தோடு யாரோ கை வைத்ததாக நினைத்து, மற்ற வரிகளையும் சந்தேகப்படுவார்கள். அழிக்கவும் கூடாது, சுரண்டவும் கூடாது, அதன்மேல் மை கொட்டவும் கூடாது. எழுதச் சொன்னவர் உயிரோடு இருந்தால் கவலையே இல்லை. அவரிடம் சொன்னால் புதிதாக எழுதிவிடலாம், அரை நாள் வேலை.

உன் தோழிக்கு என்ன வயது? எந்த நிறப் பேனா?

அவசரத்தில்,
அத்தை


ஆகஸ்ட் 3

அத்தைக்கு,

எல்லோரும் நலம். நீங்களும் நலம்தானே? பரீட்சை வருகிறது. கணக்கு கஷ்டமாக இருக்கிறது. வாலுவின் பல் விழுந்துவிட்டது. தோழி பள்ளியை மாற்றிக்கொண்டு போய்விட்டாள், அதனால் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

சிட்டு


ஆகஸ்ட் 12

என் கண்ணே சிட்டு,

உன் நாலு வரி கிடைத்தது. உன் பாட்டுக்கு நீ நலம் என்று எழுதினால் நான் நம்பிவிடுவேனா? ராத்திரி தூங்குகிறாயா?

நீ மறைத்தால் நான் என்ன சொல்ல முடியும், நானே ஒன்றை மறைத்துக்கொண்டிருக்கும்போது? முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

வாலு பிறந்த மூன்றாம் வாரம் உங்கள் அம்மா போனாள். அடுத்த மாதம் அண்ணனுக்குக் காய்ச்சல், ஒரு வாரம் பிதற்றல். தொட்டிலில் ஒன்று, தரையில் நீ. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயந்தால் சிலர் அழுவார்கள். நான் டைப் அடிப்பேன். ஆபீஸில் எப்படிச் செய்வோமோ அப்படிச் செய்தேன். இறந்தவர் பற்றிய வரியை எடுத்துவிடுவோம், கீழே இருப்பதை மேலே ஏற்றுவோம். காய்ச்சல் விட்ட அன்று புது உயிலை நீட்டி, "அண்ணா, ஒரு கையெழுத்து" என்றேன்.

அண்ணன் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். மறுபடியும் படித்தார். "இதுல அவ எங்கே?" என்று கேட்டார்.

"அவங்கதான் இப்ப இல்லையேண்ணா."

"காகிதத்துலகூடவா இருக்கக் கூடாது?"

அதற்கு மேல் நடந்ததை நான் எழுத மாட்டேன். அவரும் சொல்ல வேண்டாததைச் சொன்னார், நானும் சொன்னேன். மறுநாள் டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். நீ வாசலில் நின்று கையாட்டினாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை.

வேலை தெரிந்தவள் செய்த தப்பு அது. வரியைத்தான் எடுக்கிறேன் என்று நினைத்தேன். அவளையே எடுத்துவிட்டேன்.

இப்போது உன் முறை. எழுதியது நீதானே?

காத்திருக்கும்,
அத்தை


ஆகஸ்ட் 16

அத்தைக்கு,

நான்தான்.

எனக்குக் காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் வாசல் மணி அடித்தால் சமையலறைக்குள் ஓடிவிடுகிறேன். போலீஸ் வருமா?

பெட்டியை இறக்கிய அன்றே எழுதிவிட்டேன். உங்களுக்கு முதல் கடிதம் எழுதும்போதே தெரியும், ஆனால் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் செய்ததுதான் காரணம், அத்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னைப் பற்றிய வரிக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. அது ஏன் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அம்மா உங்களிடம், "இவளுக்குக் கீழே ஒரு வரி எடம் விடும்மா. உள்ள இருக்கறது வெளிய வரட்டும், பேரு வெச்சு அடுத்த வருஷம் எழுதிக்கலாம்" என்றார். நீங்கள் டக்கென்று ஒரு வரி தள்ளினீர்கள்.

அந்த இடம் அப்படியே இருந்தது. வாலுவுக்காகவே விட்ட இடம். அம்மாவின் பச்சைப் பேனாவை எடுத்து, காய்ந்த நிப்பை ஊறவைத்து, அம்மாவின் கையெழுத்து மாதிரியே எழுதினேன். 'தம்பியும் அக்காவும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.' அம்மா போடுகிற மாதிரி கடைசி எழுத்துக்கு வால் நீட்டினேன்.

நான் உயிலையே கெடுத்துவிட்டேனா? என்னால் வாலு நிஜமாகவே போய்விடுவானா? அம்மா மாதிரி எழுதியது பொய்தானே?

தயவு செய்து சீக்கிரம் எழுதுங்கள்.
சிட்டு


ஆகஸ்ட் 21

என் சிட்டுவுக்கு,

முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடி. போலீஸ் வராது. நீ எதையும் கெடுக்கவில்லை, அந்த உயில் எப்போதோ பழசாகிவிட்டது, எப்படியும் புதிதாக எழுத வேண்டியதுதான். உங்கப்பா ஆறு வருடப் பழைய பவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கையெழுத்தை அவர் தானாகப் பார்க்கும்படி விடாதே. பாவம், ஒரு நிமிஷம் அவள்தான் எழுதினாள் என்று நினைத்துவிடுவார். நீயே போய்ச் சொல். பகலில், கடையில் வைத்துச் சொல்.

இத்துடன் மடித்து ஒட்டிய ஒரு தாள் இருக்கிறது. இரண்டே இரண்டு வாக்கியம். அதை அடிக்க எனக்கு ஐந்தரை வருடம் ஆகியிருக்கிறது. சொல்லி முடித்த பிறகு அவரிடம் கொடு. நீ படிக்காதே.

தைரியத்தில் பாதியைத் தபாலில் அனுப்பியிருக்கும்,
அத்தை


செப்டம்பர் 2

அன்பு அத்தைக்கு,

உங்கள் தைரியம் வந்து சேர்ந்தது. ஆனால் எட்டு நாள் பையிலேயே கிடந்தது.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். அப்பா ஒரு பாட்டிம்மாவுக்குக் கண்ணாடிக் காம்பை வளைத்துக்கொண்டிருந்தார். அவர் போகும்வரை நின்றேன். பிறகு, "அப்பா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றேன். மீதி எல்லாம் அழுகையோடு வந்தது. பெரியம்மா பேசியது, பெட்டி, பச்சைப் பேனா, உங்கள் கடிதங்கள், எல்லாம்.

அப்பா கத்தவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "பேனாவுல மை இன்னும் வருதா?" என்று மட்டும் கேட்டார். வருகிறது என்றேன்.

அப்புறம் உங்கள் தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடி கழற்றினார். பிறகு என்னிடம் நீட்டி, "சத்தமா படிடா" என்றார். படித்தேன்:

'நானும், பத்து வருடம் என்னோடு வாழ்ந்து மறைந்த என் மனைவியும் பெற்ற பிள்ளைகள் இருவர். அவர்கள் இருவரையும் எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது.'

"இருக்கா பாரு. முதல் வரியிலயே இருக்கா" என்றார் அப்பா. யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. "இந்த டக்டக் அன்னிக்கே இப்படி அடிச்சிருந்தா என்னவாம்?" என்று திட்டினார். திட்டும்போதே அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

இரண்டு நாள் உங்கள் தாளைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். இன்று காலை நாற்காலி போட்டு ஏறித் தானே பெட்டியை இறக்கினார். ஏறாதீர்கள் என்றால் கேட்கவில்லை. நான் எழுதிய வரியை ரொம்ப நேரம் பார்த்தார். "வால் கொஞ்சம் நீளம். அவ இவ்ளோ நீட்ட மாட்டா" என்றார்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். நான் இன்று தூங்கப் போகிறேன்.
சிட்டு


செப்டம்பர் 6

தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். எனக்குப் பரவாயில்லை.

அன்று நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. நீ செய்தது தப்பு என்று ஐந்தரை வருடம் நினைத்தேன். பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தது அதைவிடப் பெரிய தப்பு என்று ஒரு பதினாலு வயதுப் பெண் அழுதுகொண்டே சொல்லித்தர வேண்டியிருந்தது. அதைத் திறந்தால் அவள் இல்லை என்றாகிவிடும் என்று பயந்தேன்.

18ஆம் தேதிக்கு வா. மேசை ஜன்னல் ஓரம்தான் இருக்கிறது. கால் இன்னும் ஆடுகிறது. பல் டாக்டரிடமும் தையல்காரனிடமும் சொல்லியாயிற்று. குழந்தைகளின் பெரியம்மாவையும் அழைத்திருக்கிறேன். அவளும் தனி ஆள், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே.

டைப்ரைட்டரை நீயே தூக்காதே. பஸ் நிலையத்துக்கு ஆள் அனுப்புகிறேன்.

அண்ணன்


செப்டம்பர் 26

என் டக்டக் அத்தைக்கு,

நீங்கள் பக்கத்து அறையில் தூங்கும்போது கடிதம் எழுதுவது சிரிப்பாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நாலு ராத்திரி உட்கார்ந்திருந்தீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. இப்போது மதியம் மூன்று மணி. முதல் தடவையாகச் சமையலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுந்ததும் படியுங்கள்.

காலையில் என்னையும் வாலுவையும் அப்பாவைப் பார்க்க விட்டார்கள். வாயில் குழாய் இல்லை. நர்ஸ் அக்கா குனிந்து ஊசி போட்டார்கள். அப்பா மெல்லிய குரலில், "உங்க கண்ணாடி பவர் பழசு, மாத்துங்க" என்றார். நர்ஸ் அக்கா, "முதல்ல உங்க ஊசியைப் போட்டுடறேன் சார்" என்றார்கள். நானும் வாலுவும் சிரித்துவிட்டோம்.

பெரியம்மாவும் வந்திருந்தார். வெயிலே இல்லை, ஆனாலும் அம்மாவின் பூப்போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். உயில் நாளன்று 'குடை அவருக்கு' என்ற வரியை அப்பா படித்ததும் பெரியம்மா எப்படி அழுதார்! "உயில்ல எழுதிட்டு இப்பவே கொடுத்தா எப்படி?" என்று தையல்கார மாமா கேட்டதற்கு, "அடுத்த வருஷம் வரியை மாத்திக்கறோம், உனக்கென்ன" என்றாரே அப்பா. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் பெரியம்மா வீட்டுக்கு, இருவரும் சேர்ந்து, என்று நீங்கள் அடித்தபோது அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டதையும் பார்த்தேன்.

இந்த முறை நீங்கள் காலி வரி விடவில்லை. விட்டால் இந்த வீட்டில் எழுதிவிடுவார்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்று நீங்கள் டைப்ரைட்டரை மூடிக்கொண்டிருந்தபோது வாலு என்னை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனான். பல் டாக்டரும் தையல்கார மாமாவும் கையெழுத்துப் போட்டதைப் பார்த்துவிட்டான். ஒரு வாரமாகத் தன் பெயரை எழுதப் பழகியிருந்தான்.

"நானும் சாட்சி போடறேன்" என்றான்.

"நீ போட முடியாதுடா."

"சின்னப் பையன்னா?"

"அதுவும்தான். ஆனா உயிலுக்கு உள்ள இருக்கறவங்க சாட்சி போடக் கூடாது."

உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தான். பல் விழுந்த ஓட்டை தெரிந்தது. திடீரென்று நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"அப்ப நான் உள்ளதான் இருக்கேனா, அக்கா?"

உள்ளேதான் என்றேன்.

டீ போட்டு மூடி வைத்திருக்கிறேன்.
சிட்டு